வெட்டவெளித் தீயும் அனுமதிக் கடிதமும்: வளைகுடாவில் நம்மவர் சிதை



சென்ற மாத உரைக்குப் பிறகு தொலைபேசியில் வந்த நேயர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்ரை தம்பி இருபது வருசமா டுபாயிலை. கலியாணமும் இல்லை. அவனுக்கு அங்கை ஏதும் நடந்தால் எங்கடை முறைப்படி எரிக்க விடுவாங்களோ?" இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற குடும்பங்கள் எங்களிடையே நிறைய உண்டு. எனவே இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்கிறேன். நானும் 1980களில் ஆறு வருடம் டுபாயில் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதியவன். ஆனால் இங்கே சொல்லப்போவது என் கதை அல்ல. வெட்டவெளியில் தீ மூட்டுவதற்கு வளைகுடாவில் யார் அனுமதி கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்ற வரலாறு.

ஓலை வீடுகளின் ஊர்

எண்ணெய்க்கு முந்திய வளைகுடாத் துறைமுகங்களில் சாதாரண சனத்தின் வீடு பேரீச்ச ஓலையால் ஆனது. பராஸ்தி என்றும் அரீஷ் என்றும் அதைச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கிடுகு வீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் நல்லது, செலவு குறைவு. ஒரு பொறி பறந்தால் ஊரே போய்விடும். 1890களின் நடுப்பகுதியில் டுபாயில் பிடித்த தீயில் டெய்ரா பக்கம் முழுவதும், பர் டுபாய் பக்கத்தில் பாதி வீடுகளும் அழிந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. இப்படிப்பட்ட ஊரில் அடுப்பு மூட்டுவது வீட்டுக்காரரின் சொந்த விடயம், வெளியில் மூட்டும் தீ ஊருக்குப் பொதுவான விடயம். நகரசபைகள் வருமுன்னரே அங்கே தீயைப் பற்றிய அச்சம் இருந்தது. மனாமாவில் நகரசபை 1919இலும், குவைத்தில் 1930இலும், டுபாயில் 1950களிலும் தோன்றின.

இன்றைய சட்டங்கள் அந்த அச்சத்தோடு வேறு இரண்டு காரணங்களையும் சேர்த்துக்கொண்டன. ஒன்று புகை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 1999ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சுற்றுச்சூழல் சட்டம், ஒதுக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் குப்பையைக் கொட்டவோ எரிக்கவோ கூடாது என்கிறது. பூங்காவில் இறைச்சி சுடுவதென்றாலும் அதற்கென்று விட்ட இடத்தில்தான் சுடலாம். குவைத்தில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை பாலைவனத்தில் கூடாரம் அடிக்கும் காலம். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

மற்றக் காரணம் மரம். பாலைவனத்தில் ஒரு மரம் வளர்வது எவ்வளவு அருமை என்பதை அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சவூதி அரேபியா 2020இல் கொண்டுவந்த சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ், ஒதுக்கப்படாத இடத்தில் தீ மூட்டினால் 3,000 றியால் வரை தண்டம். உள்ளூர் விறகை வெட்டி விற்பதற்கும் தடை. அமீரகத்தின் தேசிய மரம் காஃப். 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அந்த மரத்தைத்தான் சின்னமாக வைத்தார்கள். அது வேறொன்றுமல்ல, எங்கள் கோயில்களில் நிற்கும் வன்னி மரம். தமிழில் வன்னி என்றால் தீ என்றும் பொருள். தீயின் பெயரைக் கொண்ட மரத்தைத் தீயிலிருந்து காப்பாற்றுவதற்கு அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது.

மஸ்கட்டில் எரிந்த சிதைகள்

இப்போது நேயரின் கேள்விக்கு வருகிறேன். இஸ்லாத்தில் உடலை எரிப்பது விலக்கப்பட்டது. இஸ்லாமியச் சட்டம் நடக்கும் நாட்டில் இந்துக்கள் தங்கள் பிரேதத்தை எரிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அதுவும் இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே.

டென்மார்க் அரசன் ஐந்தாம் பிரெடெரிக் 1761இல் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினான். அந்நாளில் தரங்கம்பாடி டென்மார்க்கின் கையில்தான் இருந்தது. குழுவில் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக நோயில் இறந்துபோக, உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் என்ற நில அளவையாளர் ஒருவரே. அவர் 1765 ஜனவரியில் மஸ்கட்டில் இறங்கினார். அங்கே 1,200 இந்திய வணிகர்கள் இருந்ததாகவும், அவர்கள் தங்கள் சொந்த வழக்கப்படி வாழவும், மனைவியரை அழைத்துவரவும், வீட்டில் விக்கிரகம் வைக்கவும், இறந்தவர்களை எரிக்கவும் அனுமதிக்கப்பட்டிருந்ததாகவும் எழுதிவைத்தார். வேறெந்த முஸ்லிம் நகரிலும் இந்தியர்கள் இவ்வளவு பேர் இல்லை என்பது அவர் கருத்து.

இந்த அனுமதி எங்கிருந்து வந்தது? எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. மஸ்கட்டின் வணிகம் சிந்திலிருந்தும் கச்சிலிருந்தும் வந்த பாட்டியா வணிகர்களின் கையில் தங்கியிருந்தது. பேரீச்சையும் முத்தும் போக, அரிசியும் துணியும் வர அவர்கள் வேண்டும். எரிக்க இடமில்லாத ஊரில் அவர்கள் குடியிருக்கமாட்டார்கள். ஆகவே ஆட்சியாளர் இடம் விட்டார். பின்னர் பிரித்தானியர் வந்தபோது இந்திய வணிகர்கள் பிரித்தானியப் பிரசைகள் ஆனார்கள். அவர்களுடைய வழக்கும் வாரிசுரிமையும் பிரித்தானிய அதிகாரிகளின் பொறுப்புக்குள் போயின. அந்தத் தனி நியாயாதிக்கம் குவைத்தில் 1961இலும், பஹ்ரைன், கட்டார், இன்றைய அமீரகம் ஆகியவற்றில் 1971இலும் முடிந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளியின் சிதைக்கு விடை சொல்லவேண்டியது அந்தந்த நாட்டின் அலுவலகமே.

இன்றைய நிலை

ஆறு நாடுகளும் ஒரே மாதிரி இல்லை. சவூதி அரேபியாவில் எரிக்க அனுமதி கிடையாது. கட்டாரிலும் குவைத்திலும் அதற்கான இடமில்லை. அங்கே இறந்தால் ஒன்றில் உடலை ஊருக்கு அனுப்பவேண்டும், அல்லது அங்கேயே புதைக்கவேண்டும். ஓமானில் சோகாரில் இந்துக்களுக்கான சுடலை இருக்கிறது. பஹ்ரைனிலும் உண்டு. அமீரகத்தில் டுபாயின் ஜெபல் அலியில் சுடலை இருக்கிறது, வேறு எமிரேற்றுகளிலும் தகன வசதி உண்டு.

ஆனால் இடம் இருப்பதும் அந்த இடத்தில் எரிக்க விடுவதும் ஒன்றல்ல. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் வெளியிட்ட மதச் சுதந்திர அறிக்கைகள் அமீரகத்தில் அப்போது இருந்த இரண்டு சுடலைகளைக் குறிப்பிட்டன. ஒவ்வொரு பிரேதத்துக்கும் தனித்தனியே அரச அனுமதி பெறவேண்டியிருந்ததையும், அது இந்துக்களுக்குச் சிரமமாக இருந்ததையும் அவை எழுதின. கோயிலுக்கு ஒருமுறை காணி கிடைத்தால் அது கோயில்தான். சுடலை அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு சாவுக்கும் அனுமதி புதிதாகப் பிறக்கவேண்டும்.

அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது? வைத்தியசாலை இறப்பை உறுதிசெய்யும். காவல்துறை ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்கும். இறப்புச் சான்றிதழ் எடுக்கவேண்டும். விசாவும் பாஸ்போட்டும் இரத்துச் செய்யப்படவேண்டும். வேலை கொடுத்த கபீல், அதாவது பொறுப்பாளி, கையொப்பம் வைக்கவேண்டும். இறந்தவரின் நாட்டுத் தூதரகம் கடிதம் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதத்துக்கு, "இங்கேயே எரிக்கச் சம்மதம்" என்று நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு படிகளில்தான் எங்கள் ஆட்கள் தட்டுப்பட்டு நிற்கிறார்கள். இந்தியாவிலிருந்து போனவருக்கு ஊரில் தகப்பன் இருப்பார், கிராம அலுவலகம் இருக்கும். எங்கள் ஆளுக்கு? தாய் முகாமில் இருந்து இறந்திருப்பா. ஓர் அண்ணன் கனடாவில், ஓர் அக்கா நோர்வேயில். அவர்கள் அகதியாக வந்தவர்கள். தாங்கள் தப்பியோடி வந்த அரசின் தூதரகப் படியை மிதிப்பதில்லை என்று இருந்தவர்கள். தம்பி இறந்த அன்றைக்கு அதே அரசின் முத்திரை வேண்டிக் காத்துநிற்கவேண்டிய நிலை. நான் இருந்த காலத்தில் எங்களுடைய அறையில் இருந்த வவுனியாப் பெடியன் ஒருவனுக்கு இப்படி நடந்தது. உறவு யார் என்று காட்டும் கடதாசிக்காகப் பதினேழு நாள் பிரேத அறையில் கிடந்தான். ஊரில் பாதை பூட்டியிருந்தது. கடைசியில் சித்தப்பா ஒருவரின் கையெழுத்து கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சிதைக்கு அனுமதி வந்தது. கொள்ளி வைத்தது ஒரு மலையாளி நண்பன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஆறு நாடுகளில் ஒன்றும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே அங்கே எவரும் சட்டப்படி அகதி இல்லை. உயிரோடு இருக்கும்போது தொழிலாளி, இறந்தபின் ஒரு நாட்டின் பிரசை. இரண்டுக்கும் நடுவே வேறு பெயர் கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமீரகம் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது இந்த உண்மை எல்லாருக்கும் தெரியவந்தது. ஊருக்கு அனுப்பமுடியாத இந்துக்களின் உடல்களை அமீரகத்திலேயே எரித்தார்கள். சவூதியில் அவை அங்கேயே மண்ணுக்குள் போயின.

மற்றப் பக்கமும் இருக்கிறது

வளைகுடாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. அதே 2020இல் எங்கள் தீவில் இதற்கு நேர்மாறான அநியாயம் நடந்தது. அங்கே எரிக்க விடவில்லை. இங்கே புதைக்க விடவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது. புதைத்தாலும் எரித்தாலும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் உடல்கள் சுடலைக்குக் கொண்டுபோகப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றன. 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அந்த விதி மாறியது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மேற்கு நாடுகளிலும் தீ சும்மா கிடைத்ததில்லை. முதலாம் உலகப் போரில் பிரைட்டன் நகரில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்கள் நகருக்கு வெளியே மேட்டுநிலத்தில் திறந்த சிதையில் எரிக்கப்பட்டார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. தேவேந்தர் காய் என்ற முதியவர் நியூகாசில் நகரசபையோடு வழக்காடி, 2010 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். நாலு பக்கச் சுவரும் மூடிய கூரையும் இல்லாத கட்டமைப்பும் 1902ஆம் ஆண்டுத் தகனச் சட்டத்தின்படி கட்டடம்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் வாதாடியது ஓர் உரிமைக்காக. மஸ்கட் பாட்டியாக்களுக்குக் கிடைத்தது ஆட்சியாளரின் தயவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: தயவு, வேண்டப்பட்டவர் இருக்கும்வரைக்கும் இருக்கும். வணிகன் கேட்டால் கிடைக்கும், கட்டடத் தொழிலாளி கேட்டால் பதினேழு நாள் எடுக்கும்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

சட்டத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. கடதாசியைத் தயாராக வைத்திருப்பது எங்கள் கையில் இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் உங்கள் உறவினரிடம் பாஸ்போட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். உறவு இன்னாரென்று நிறுவுவது அதுதான். அங்கே எரிப்பதா, ஊருக்குக் கொண்டுவருவதா, புதைத்தாலும் பரவாயில்லையா என்று அவரிடமே கேட்டு, அவருடைய கையாலேயே எழுதி வாங்குங்கள். யார் கையெழுத்து வைப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இலங்கையிலிருந்து பதிவுசெய்து போனவரென்றால், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் காப்புறுதி அவருக்கு இருக்கும். பதிவு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அங்கே எரித்தால் தகனச் சான்றிதழைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் சாம்பலை விமானத்தில் கொண்டுவருவது கரைச்சல். கீரிமலையில் கரைப்பதானாலும், நீங்கள் இருக்கும் நாட்டில் அந்தியேட்டி செய்வதானாலும் அந்தச் சான்றிதழ்தான் முதல் தேவை.

தொலைபேசியில் கேட்ட அந்த அக்காவுக்கு என் பதில் இது. டுபாயில் எரிக்கலாம் அக்கா. அனுமதி வேண்டும். அனுமதிக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு கதைக்கும்போது சாவைப் பற்றிக் கதைக்கக் கூச்சப்படாதீர்கள். கடதாசிகளைப் பற்றிக் கேளுங்கள், மற்றதை அவரே சொல்லுவார்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.