இடைவிட்ட மின்பழுது (தானுந்து)

இடைவிட்ட மின்பழுது என்பது தானுந்தின் மின்சுற்றில் நிலையாக இராமல், சில வேளைகளில் மட்டும் தோன்றி மறையும் பழுது ஆகும். முற்றிலும் அறுந்த கம்பியை எளிதில் கண்டுபிடிக்கலாம். இவ்வகைப் பழுதோ, வண்டி பணிமனையை அடையும்போது பெரும்பாலும் மறைந்திருக்கும். இதனால் நல்ல உறுப்புகள் ஊகத்தின் பேரில் மாற்றப்பட்டுச் செலவு பெருகுவது உண்டு. ஓட்டத்தின் நடுவே எந்திரம் நின்றுவிடும் இடரும் உள்ளது. மின்சுற்றுகள் மிகுந்த பழைய சொகுசுத் தானுந்துகளில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

காரணங்கள்

இப்பழுதுகள் பல, கருவிகளின் உள்ளே அல்லாமல் இணைப்புகளிலும் கம்பிகளிலும் உருவாகின்றன.

* எர்த் எனப்படும் உடற்சட்ட இணைப்புகள் அரிப்பாலோ தளர்ச்சியாலோ பழுதடைதல்
* வெப்பத்தால் விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் பற்றாசு இணைப்புகளில் விரிசல் ஏற்படுதல்
* கதவுக் கீல்களின் அருகே அடிக்கடி வளையும் கம்பிகள், மேலுறை சிதையாமலே உள்ளே அறுதல்
* இணைப்பிகளில் ஈரம் புகுதல்
* மின்காப்பு முதுமையால் வெடித்து உதிர்தல்

எடுத்துக்காட்டு: மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ124

1984ஆம் ஆண்டு அறிமுகமான இவ்வகை வண்டிகளில் மேற்கூறிய காரணங்களுள் இரண்டைத் தெளிவாகக் காணலாம். மிகை மின்னழுத்தக் காப்பு ரிலே என்னும் சிறு உறுப்பு, எரிபொருள் உட்செலுத்தலைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கும் ஏபிஎஸ் தடுப்பு அமைப்புக்கும் மின்சாரம் வழங்குகிறது. அதன் பற்றாசு விரிசலுற்றால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும். எந்திரமும் சீரின்றி ஓடும். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரு அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றே. எரிபொருள் எக்கியின் ரிலேயில் இத்தகைய விரிசல் ஏற்பட்டால், சூடான எந்திரம் நின்று, குளிர்ந்த பின் மீண்டும் இயங்கக்கூடும்.

1990களின் முற்பகுதி முதல் நடுப்பகுதி வரை தயாரான பல வண்டிகளின் எந்திரக் கம்பித்தொகுதியில், மின்காப்பு வெப்பத்தால் இறுகி உதிர்ந்தது. கம்பிகள் ஒன்றையொன்று தொடும்போது மட்டும் பழுது தோன்றியதால், உணரிகள் கெட்டுவிட்டதாகத் தவறாகக் கருத வாய்ப்பு ஏற்பட்டது.

கண்டறியும் முறை

1. சூழ்நிலையைப் பதிதல்: வெப்பம், மழை, சாலை அதிர்வு, திருப்பம் ஆகியவற்றுள் எதனோடு பழுது சேர்ந்து வருகிறது என்பதும், ஒரே நேரத்தில் செயலிழப்பவை எவை என்பதும் குறிக்கப்படுகின்றன. அவற்றுக்குப் பொதுவான உருகியையோ எர்த் இணைப்பையோ மின்சுற்று வரைபடத்தில் காணலாம்.
2. மின்கலத்தைச் சோதித்தல்: முழு மின்னேற்றம் பெற்ற, ஓய்விலுள்ள மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எந்திரம் ஓடும்போது இது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும்.
3. பழுதைத் தோற்றுவித்தல்: கம்பிகளை மெல்ல அசைத்தும், ரிலேயைத் தட்டியும், உணரியை வெப்பக்காற்றால் சூடாக்கியும் பழுது வெளிக்கொணரப்படுகிறது.
4. மின்னழுத்த வீழ்ச்சியை அளத்தல்: சுற்று இயங்கும்போதே இணைப்பின் இருபுறமும் வோல்ட்மானியை வைத்து அளக்க வேண்டும்.

தடைமானியின் குறைபாடு

பல செப்பு இழைகளால் ஆன கம்பியில் ஓரிழை மட்டும் எஞ்சியிருந்தாலும் தடைமானி குறை காட்டாமல் போகலாம். அது செலுத்தும் மிகச் சிறு மின்னோட்டத்துக்கு அவ்வோரிழையே போதும். முகப்பு விளக்கோ எக்கியோ எடுக்கும் பல ஆம்பியருக்கு அது போதாது. 5 ஆம்பியர் ஓடும் சுற்றில் ஓர் இணைப்பின் தடை 0.4 ஓம் எனில், ஓமின் விதிப்படி 5 × 0.4 = 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். நல்ல எர்த் இணைப்பில் இவ்வீழ்ச்சி ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கு மேற்படாது.

மின்கசிவு

நிறுத்திய வண்டியின் மின்கலம் சில நாட்களில் வெறுமையாவதும் இவ்வகைப் பழுதாக இருக்கலாம். 0.5 ஆம்பியர் கசிவு, 60 ஆம்பியர்-மணி மின்கலத்தை 5 நாட்களில் வெறுமையாக்கிவிடும். வண்டியைப் பூட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும் வரை காத்திருந்த பின்னரே இதனை அளக்க வேண்டும். பல வண்டிகளில் 0.05 ஆம்பியருக்குக் குறைவான அளவு இயல்பானதாகக் கொள்ளப்படுகிறது.

பாதுகாப்பு

காற்றுப்பைச் சுற்றுகளைச் சாதாரண தடைமானியால் சோதித்தல் கூடாது. அதன் சிறு மின்னோட்டமும் காற்றுப்பையை விரியச் செய்யக்கூடும். உருகி அடிக்கடி எரிந்தால், கூடுதல் ஆம்பியர் கொண்ட உருகியை இடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

இவற்றையும் பார்க்க

* ஓமின் விதி
* மின்தடை
* உருகி
* ரிலே