சமுதாய நல மையங்களுக்கான மானியம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

சமுதாய நல மையம் என்பது, மருத்துவ வசதி குறைந்த ஒரு வட்டாரத்தில் கூட்டாட்சி அரசின் மானியத்தைப் பெற்று, நோயாளிகளே பெரும்பான்மையினராக இருக்கும் ஆட்சிக்குழுவின் கீழ், இலாப நோக்கின்றி மருத்துவம் வழங்கும் உள்ளூர் அமைப்பாகும். இங்குக் கட்டணம் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் குறையும்; பணமில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது மானியத்தின் நிபந்தனை.

உள்ளூர் நலப்பணிக்கு வெளியிலிருந்து நிதி தரும் வழக்கம் இம்மானியத்துக்கு முன்பே இருந்தது. 1909-இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் அளித்த 10 லட்சம் டாலரில் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடந்தது. 1917-இல் சின்சினாட்டி நகரில் தொடங்கிய 'சமூக அலகு' என்னும் வட்டார நலப்பணி முயற்சி சில ஆண்டுகளே நீடித்தது. தாய்சேய் நலத்துக்காக மாநிலங்களுக்கு நிதி வழங்கிய 1921-ஆம் ஆண்டின் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் 1929-இல் முடிவுக்கு வந்தது.

இன்றைய மானிய முறைக்கு அடித்தளமிட்டது 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டம். வறியோருக்கான திட்டங்களில் அவர்களே இயன்றவரை பங்கேற்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்த இச்சட்டம், மாநில அரசுகளின் வழியே செல்லாமல் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் சென்றடையவும் வழிசெய்தது. மானியத்தைத் தடுக்கும் அதிகாரம் ஆளுநர்களுக்கு இருந்தபோதிலும், உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் மானியம் அதற்குக் கட்டுப்படவில்லை. மாசசூசெட்ஸிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், தொலைவிலுள்ள மிசிசிப்பியில் ஒரு மையத்தை நிறுவ முடிந்தது இவ்விதிவிலக்கினால்தான். அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் ஆகியோரின் முயற்சியால் 1965 டிசம்பரில் பாஸ்டனின் கொலம்பியா பாயிண்ட் குடியிருப்பில் முதல் மையம் திறக்கப்பட்டது. சின்சினாட்டி போன்ற முந்தைய முயற்சிகளை நோக்க, 'முதல்' என்பதை இச்சட்டத்தின் கீழ் அமைந்தவற்றுக்கு மட்டும் உரியதாகக் கொள்வது பொருந்தும். தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் சிட்னி, எமிலி கார்க் இணையர் 1940-இல் தொடங்கிய மையத்தில் கைகர் மாணவராக இருந்தபோது பயின்றிருந்தார். அமெரிக்க மையங்களுக்கு அதுவே மூலம் என்பாரும், உள்நாட்டுக் குடிசார் உரிமை இயக்கத்துக்கே கூடுதல் பங்குண்டு என்பாரும் உளர்.

டஃப்ட்ஸின் இரண்டாவது மையம், மிசிசிப்பியில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோர் 1887-இல் உருவாக்கிய மவுண்ட் பாயு என்னும் சிற்றூரில் 1967-இல் செயல்படத் தொடங்கியது. பருத்தி வயல்களில் எந்திரமும் களைக்கொல்லியும் புகுந்ததால் வேலையிழந்த குத்தகை உழவர் குடும்பங்கள் அப்பகுதியில் பசியில் வாடின. சமூகப் பணியாளர் ஜான் ஹாட்ச் ஊர்தோறும் கூட்டங்கள் நடத்தி நலச் சங்கங்களை அமைக்க, அவை வடபொலிவார் நலக் குழுவாக ஒன்றிணைந்தன. மருத்துவம் மட்டுமன்றிக் கிணறு தோண்டுதல், கழிப்பிடம் அமைத்தல், சன்னல்களுக்குக் கொசுவலை அடித்தல் ஆகியவையும் மையத்தின் பணிகளாயின. சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதினர். மளிகைக் கடைகள் பொருளைக் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்தகக் கணக்கில் பணம் பெற்றன. மருந்துக்கான நிதியை உணவுக்குச் செலவிடலாமா என்று அதிகாரிகள் வினவியபோது, சத்துக்குறைவு என்னும் நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவே என்று கைகர் விடையளித்தார். அடுத்து, அக்குடும்பங்களே சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்ணை அமைத்துக் கீரையும் பட்டாணியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டன. அப்பண்ணையை நடத்தியவர்களுள் ஒருவரான எல். சி. டார்சி, குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெற்று, அந்த மையத்துக்கே இயக்குநரானார் என்பது இவ்வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது.

1966-இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் முயற்சியால் மையங்களுக்கெனத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. 1975-இல் அதிபர் ஃபோர்டின் தடையுரிமையை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பொதுச் சுகாதாரப் பணிச் சட்டத்தின் 330-ஆம் பிரிவின் கீழ் மையங்களுக்கு நிலையான இடமளித்ததுடன், நோயாளிகளுக்குப் பெரும்பான்மை தரும் ஆட்சிக்குழுவையும் கட்டாயமாக்கியது. 1981-இல் இந்நிதியை மாநிலங்களிடம் மொத்தமாக ஒப்படைக்கும் முயற்சி நடந்து, ஒதுக்கீடும் குறைந்தது. புலம்பெயர் தொழிலாளர், வீடற்றோர் முதலியோருக்கான தனித்தனி மானியங்கள் 1996-இல் ஒரே பிரிவின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

மையங்களால் விளைந்த பயனை, அதே காலத்தில் வந்த மெடிக்கெய்ட் (வறியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) போன்றவற்றின் பயனிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. 50 வயதைக் கடந்தோரின் இறப்பு விகிதம் தொடக்ககால மையங்களால் ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்ததாக 2015-இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிடுகிறது.

2010-ஆம் ஆண்டின் நலவாழ்வுச் சீர்திருத்தச் சட்டம் இம்மையங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு 1,100 கோடி டாலர் ஒதுக்கியது. இந்நிதி அதன்பின் குறுகிய கால நீட்டிப்புகளால் தொடர்கிறது. 2017 செப்டம்பர் இறுதியில் காலாவதியாகி 2018 பிப்ரவரியில்தான் புதுப்பிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 1,400 அமைப்புகள் 3 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் வழங்குகின்றன.