சலீம் அலி பழந்தின்னி வௌவால்

சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் மட்டும் காணப்படும் ஓர் அரிய பழந்தின்னி வௌவால் இனமாகும். இதன் அறிவியற் பெயர் லாட்டிடென்ஸ் சலீமாலீ. லாட்டிடென்ஸ் என்னும் பேரினத்தில் அறியப்பட்டுள்ள ஒரே இனம் இதுவே. 1948-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மேகமலைப் பகுதியில் பிடிக்கப்பட்ட இவ்வினம், வேறொரு பொதுவான வௌவாலாகத் தவறாகக் கருதப்பட்டு 24 ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் அடையாளமின்றிக் கிடந்தது. 1972-இல் புதிய பேரினமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், 1993 வரை உயிருடன் மீண்டும் பதிவு செய்யப்படவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

கண்டுபிடிப்பு வரலாறு

மேகமலை தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குத் தெற்கே அமைந்துள்ளது. பச்சைக்கூமாச்சி என்ற பெயரும் இதற்கு உண்டு. ஆங்கிலேயர் இதனை ஹை வேவி மலை என்று அழைத்தனர். தேனி மாவட்டம் 1996-இல்தான் உருவாக்கப்பட்டது. ஆகவே பழைய அறிவியற் பதிவுகளில் இவ்விடம் மதுரை மாவட்டம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளுதல் நலம்.

இங்கு தோட்டத்துறையில் பணியாற்றிய ஆங்கசு ஹட்டன் இயற்கை ஆர்வலராகவும் விளங்கினார். 1948-இல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ள கார்டனா காப்பித் தோட்டத்தில் இவர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ப்பித்தார். மேகமலையின் பாலூட்டிகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை 1949-இல் அக்கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. அந்த வௌவாலோ குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் எனப் பெயரிடப்பட்டு வைக்கப்பட்டது.

இத்தவறு வியப்புக்குரியதன்று. குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் இந்தியாவெங்கும் மிகுதியாகக் காணப்படும் இனமாகும். சென்னையின் தென்புறநகர்களான பல்லாவரம், தாம்பரம் போன்ற இடங்களில் இருள் கவியும் வேளையில் நாட்டு வாதுமை மரத்தைச் சுற்றிப் பறந்து, மறுநாள் காலை வாசலிலும் மகிழுந்தின் மேலும் கடித்த காய்களைப் போட்டு வைப்பது பெரும்பாலும் இவ்வினமே. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. இரண்டின் முகவாயும் குட்டையானது. இரண்டும் பழுப்பு நிறமுடையவை. பதப்படுத்திய ஒற்றை உடலை மட்டும் பார்ப்பவர், நன்கு அறிந்த இனத்தின் பெயரையே எழுதி வைத்தல் இயல்பு.

தாய்லாந்து விலங்கியலாளரான கிட்டி தொங்லோங்யா இந்த உடலை மீண்டும் ஆராய்ந்தார். இது குறுமூக்கு வௌவால் அன்று என்பதுடன், அதுவரை அறியப்பட்ட எப்பேரினத்திலும் அடங்காதது என்பதையும் அவர் கண்டறிந்தார். 1972-இல் பம்பாய்க் கழகத்தின் ஆய்விதழிலேயே இதனைப் புதிய பேரினமாகவும் புதிய இனமாகவும் அறிவித்தார். இதன் நெருங்கிய உறவுப் பேரினங்களில் பெரும்பாலானவை தென்கிழக்காசியாவைச் சேர்ந்தவை. அப்பகுதி வௌவால்களைக் கையாண்டு பழகிய ஒருவருக்கே இவ்வேறுபாடு கண்ணில் பட்டது தற்செயலாக இருக்க முடியாது. கிட்டி 1974-இல் காலமானார். தாய்லாந்தில் அவர் கண்டறிந்த, உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு அதே ஆண்டில் அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே.

1972-இல் அறிவியலுக்குக் கிடைத்தது ஒரு பெயரும் ஒரு பதப்படுத்திய உடலும்தான். காட்டில் இவ்வினம் இன்னும் வாழ்கிறதா என்னும் வினாவிற்கு விடை கிடைக்க மேலும் 21 ஆண்டுகள் ஆயின. 1993-இல் பால் பேட்சு, டேவிட் ஹாரிசன் ஆகிய ஆங்கிலேய ஆய்வாளர்களும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மனோஜ் முனியும் இடம்பெற்ற குழுவினர் மேகமலைப் பகுதியில் இதனை மீண்டும் கண்டனர். இம்மீள்கண்டுபிடிப்பு 1994-இல் கட்டுரையாக வெளியிடப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்திலும் இவ்வினம் பதிவாகியுள்ளது. களக்காட்டுப் பகுதி ஆய்வுகளில் பாளையங்கோட்டை சாராள் டக்கர் கல்லூரியின் பங்கு குறிப்பிடத்தக்கதாகும்.

பெயர்

லாட்டிடென்ஸ் என்பதற்கு இலத்தீன் மொழியில் அகன்ற பல் எனப் பொருள். இனப்பெயர் இந்தியப் பறவையியலின் முன்னோடியான சலீம் அலியை (1896–1987) சிறப்பிக்கச் சூட்டப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பறவைகளையே ஆராய்ந்தவரின் பெயரை வௌவால் ஒன்று தாங்கி நிற்கிறது. இவ்வினம் காட்டில் மீண்டும் காணப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. 2016-இல் இமயமலைப் பகுதியில் விவரிக்கப்பட்ட பூங்குருவி இனம் ஒன்றும் இவர் பெயரைப் பெற்றுள்ளது.

உடலமைப்பு

இவ்வினத்தின் தலை கருமை கலந்த பழுப்பு நிறமுடையது. உடலின் கீழ்ப்பகுதி வெளிர்ந்து காணப்படும். குறுமூக்கு வௌவாலிடமிருந்து இதனைப் பிரித்தறிய இரு அடையாளங்கள் உதவுகின்றன. முதலாவது, இதற்கு வெளியே தெரியும் வால் இல்லை. குறுமூக்கு வௌவாலுக்குக் குட்டையான வால் உண்டு. இரண்டாவது, இதன் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வோர் இணை வெட்டுப்பற்களே உள்ளன. குறுமூக்கு வௌவாலுக்குத் தாடைக்கு இரண்டு இணைகள். இவ்விரண்டும் பறக்கும்போது தெரியாதவை. எனவே ஆய்வாளர்கள் மிக மெல்லிய நூலாலான வலையை ஓடைகளுக்குக் குறுக்கிலும் பழமரங்களின் அருகிலும் மாலையில் கட்டி வைக்கின்றனர். சிக்கும் வௌவாலை உடனே விடுவித்துத் துணிப்பையில் இட்டு எடை பார்த்து, முன்கை நீளத்தை அளந்து, பற்களையும் வாலையும் சோதித்துவிட்டுப் பறக்க விடுகின்றனர்.

எதிரொலியைக் கொண்டு இடமறியும் திறன் எல்லா வௌவால்களுக்கும் உண்டு என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. பூச்சியுண்ணும் வௌவால்கள் மீயொலியை எழுப்பி வழி அறிகின்றன. பழந்தின்னிகளோ, ஒருசில இனங்கள் நீங்கலாக, பெரிய கண்களையும் கூரிய மோப்பத்தையுமே நம்பியுள்ளன. இதனால் மீயொலியைப் பதிவு செய்யும் கருவிகளைக் காட்டில் வைத்து இவ்வினத்தைக் கணக்கெடுக்க இயலாது. பூச்சியுண்ணி வௌவால்களின் ஆய்வு அக்கருவிகளால் விரைவுபெற்றபோதும், பழந்தின்னி ஆய்வு இன்றும் இரவு முழுவதும் வலையருகே விழித்திருப்பதையே சார்ந்துள்ளது.

வாழிடமும் உணவும்

பசுமைமாறாக் காடுகளும் அவற்றை ஒட்டிய காப்பித் தோட்டங்களும் இதன் வாழிடங்களாகும். பகலில் குகைகளில் தங்கும். குறுமூக்கு வௌவால் இதற்கு மாறாகப் பனையோலை, நெட்டிலிங்கம், படர்கொடிகள் ஆகியவற்றைக் கடித்து வளைத்துத் தானே கூடாரம் அமைத்துக்கொள்ளும். ஆகவேதான் அது புறநகர்த் தோட்டங்களிலும் தழைத்து வாழ்கிறது. குகைக்குக் கட்டுப்பட்ட இனமோ குகை கலைக்கப்பட்டால் வேறிடம் தேட வேண்டியதாகிறது.

உருத்திராட்சக் குடும்ப மரங்களின் பழங்களும் அத்தி வகைகளும் இதன் உணவில் இடம்பெறுகின்றன. பழந்தின்னிகள் பொதுவாகப் பழத்தைக் காய்த்த மரத்திலேயே அமர்ந்து உண்பதில்லை; கௌவிக்கொண்டு வேறொரு மரத்திற்குச் செல்கின்றன. அங்கு சதையை மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்புகின்றன. பெரிய கொட்டைகள் அம்மரத்தடியில் விழுகின்றன. அத்தி போன்றவற்றின் நுண்விதைகள் வயிற்றினுள் சென்று, விரைவில் எச்சத்துடன் பறக்கும் வழியெங்கும் சிதறுகின்றன. பறவைகளில் பல திறந்த வெளியைக் கடக்கும்போது எச்சமிடுவதில்லை. வௌவால்கள் பறந்தவாறே எச்சமிடுவதால், மரம் வெட்டப்பட்ட வெற்றிடங்களுக்கும் விதை போய்ச் சேருகிறது. தோட்டங்களால் துண்டு துண்டாகிப் போன மேகமலை போன்ற மலைகளில் இப்பணி குறிப்பாகத் தேவைப்படுவது.

சட்டமும் அச்சுறுத்தல்களும்

1972-ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், இவ்வினம் அறிவியலுக்கு அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களும் தீங்குயிர்களாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அவற்றைக் கொல்வது அப்போது குற்றமாக இருக்கவில்லை. பின்னர் சலீம் அலி பழந்தின்னி வௌவால், மிக உயர்ந்த பாதுகாப்பளிக்கும் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஏனைய பழந்தின்னிகள் தீங்குயிர்களாகவே நீடித்தன. இவ்வேற்பாடு தாளில் தெளிவானது, காட்டில் பயனற்றது. அருங்காட்சியக வல்லுநர்களே 24 ஆண்டுகள் பிரித்தறியாத ஒன்றை, இருட்டில் வலை விரிப்பவர் வெட்டுப்பற்களை எண்ணிப் பார்த்து விட்டுவிடுவார் என எதிர்பார்க்க முடியாது. வன ஊழியருக்கும் அதே இடர்ப்பாடுதான்.

இச்சட்டத்திற்கு 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைக்கப்பட்டுத் தீங்குயிர் அட்டவணை நீக்கப்பட்டது. ஓர் உயிரினத்தைத் தீங்குயிராக அறிவிக்க, இனித் தனி அறிவிக்கை தேவைப்படும். வௌவால் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வேண்டி வந்த மாற்றம் இது.

இறைச்சிக்காகவும் ஈளை நோய்க்கு மருந்தாகும் என்ற நம்பிக்கையாலும் வௌவால்கள் வேட்டையாடப்படுகின்றன. இந்நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை. காடுகள் தேயிலை, காப்பித் தோட்டங்களாக மாற்றப்பட்டதும் குகைகளில் ஏற்படும் இடையூறும் ஏனைய அச்சுறுத்தல்களாகும். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா தீநுண்மி பரவியபோதும் 2020-இல் கொரோனாத் தொற்றின்போதும் வௌவால்கள் மீதான அச்சம் பெருகியது. நிபாவுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது சமவெளிகளில் ஆலமரங்களில் கூட்டமாகத் தொங்கும் இந்தியப் பறக்கும் நரி ஆகும். அவற்றைத் துரத்துவதும் மரத்தை வெட்டுவதும் கூட்டத்தைச் சிதறடித்து வேறு ஊர்களுக்கு அனுப்புமேயன்றி நோய் அபாயத்தைக் குறைப்பதில்லை. இதே தமிழ்நாட்டில், அவ்வௌவால்கள் தங்கும் ஆலமரத்தை ஊர்ச்சாமியின் இருப்பிடமாகக் கருதித் தீபாவளிக்கு வெடி வெடிக்காத சிற்றூர்களும் உள்ளன.

2021 பிப்ரவரியில் மேகமலையும் திருவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும். புலிகளுக்காக ஒதுக்கப்பட்ட இக்காப்பகத்தின் மலைகளில்தான் ஹட்டன் 1948-இல் அந்த வௌவாலைப் பிடித்தார்.