இறுக்கத் தலையிடியும் அமிட்ரிப்டிலினும்

தலையைச் சுற்றி வார் போட்டு இறுக்கியதுபோல, இரு பக்கமும் அழுத்திக்கொண்டிருப்பது இறுக்கத் தலையிடி. ஒற்றைத் தலையிடியைப் போல வாந்தி வராது. நடந்து திரிவதால் நோவு கூடாது. அரை மணி நேரத்தில் அடங்கலாம், 7 நாள் இழுபடவும் கூடும். 3 மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்தால் அது நாட்பட்டது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் தேடப்படுபவை சித்தாலேப தைலமும் பனடோல் குளிசையும். எப்போதாவது வரும் தலையிடிக்கு அது சரி. மாதத்தில் பாதி நாள் பனடோலை விழுங்கினால், நாளடைவில் அந்தக் குளிசையே தலையிடியை வரவழைக்கலாம்.

தலையிடி இப்படி நாட்பட்டுப்போகும்போதுதான் வைத்தியரின் துண்டுக்கு மட்டும் கிடைக்கும் அமிட்ரிப்டிலின் உதவுகிறது. 1961இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கென விற்பனைக்கு வந்த மருந்து இது. நாட்பட்ட இறுக்கத் தலையிடியையும் இது தணிப்பதை அவுஸ்திரேலிய நரம்பியல் வைத்தியர் ஜேம்ஸ் லான்ஸும் அவருடைய சகாவும் 1964இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மூளை நோவை உணரும் பாதைகளில் செரட்டோனின், நோரட்ரினலின் ஆகியவற்றின் செயலை இது கூட்டுகிறது. தலையிடிக்குப் பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவோடு பார்த்தால் இது மிகக் குறைவு. ஆகவே இதை 'விசர்க் குளிசை' என்று ஒதுக்குவது பெரும் தவறு.

யாழ்ப்பாணம் 1983 முதல் 2009 வரை போரைச் சுமந்த மண். மன வேதனை உடல் நோவாக வெளிப்படுவதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இங்கிருந்தே விரிவாகப் பதிவுசெய்தார். இடப்பெயர்வையும் இழப்பையும் கண்டவரின் தலையிடியைப் பொய் நோவென்று தள்ளுவது அநியாயம். அவருக்கு மருந்தும் வேண்டும், ஆறுதலாகக் கேட்க ஒரு வைத்தியரும் வேண்டும்.

அமிட்ரிப்டிலின், நோவு வந்தபின் போடும் குளிசையல்ல. நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவில் எடுக்கவேண்டும். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். வாய் உலரும், நித்திரை தூக்கும், மலச்சிக்கல் வரும், உடல் எடையும் கூடலாம். இருதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். அளவு மீறினால் இருதயத் துடிப்பு குழம்பி உயிராபத்து நேரும்; பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

திடீரென வெடிப்பதுபோன்ற தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழப்பு, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய தலையிடி: இவற்றில் எது கண்டாலும் குளிசை தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.