தாயும் சேயும் நலம்: ஒரு சேவை வரலாறு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பார் நம் பாட்டிமார். அது சொல்லலங்காரம் அன்று. கண்ணாரக் கண்ட உண்மை. பிரசவ வலி கண்ட பெண் பிழைத்தெழுவாளா என்பது அந்நாளில் ஐயமே.

சென்னை நகரில் 1844-ஆம் ஆண்டிலேயே பிரசவ மருத்துவமனை ஒன்று உண்டாயிற்று. எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை என நாம் அறிவது அதன் வளர்ச்சியே. ஆயினும் அந்நிய ஆடவர் முன் வரக் கூசிய பெண்களுக்கு அதனால் பயனில்லை. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் பெண் உதவி தேடி ஐடா ஸ்கடர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். மருத்துவரான அவர் தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். வேலூர் மருத்துவமனை பிறந்த கதை இதுவே.

அப்படியாயின் நம் கன்னியர் என்ன செய்தனர் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் மனமிருந்தும் கைகள் கட்டுண்டிருந்தனர். துறவறக் கன்னியர் மருத்துவத் தொழில் புரிவதும், பிரசவம் பார்ப்பதும் கூடாதென்று திருச்சபையின் ஒழுங்குகள் அன்று தடுத்தன. இத்தடையை நீக்குமாறு ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார் பலமுறை ரோமைக்குச் சென்று மன்றாடினார். 1913-இல் அவர் இறந்தபோதும் தடை நீங்கவில்லை.

அவரது வரலாற்றைச் சொன்ன சிறு பிரசுரம் ஒன்றை 1915-இல் ஆஸ்திரேலியாவில் வாசித்தார் இளம் மருத்துவர் மேரி குளோரி. உள்ளம் உருகிற்று. பேறுகால மருத்துவத்திலும் கண் மருத்துவத்திலும் உயர்பயிற்சி பெற்று, 1920-இல், அப்போது நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். ரோமையின் சிறப்பு அனுமதியுடன் கன்னியராகவே மருத்துவம் செய்தார். அவர் பணிபுரிந்த சிறு மருந்தகம் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தது அவரது தொலைநோக்கு.

ஒருவருக்குக் கிடைத்த அனுமதி 1936-இல் எல்லாருக்கும் கிடைத்தது. மருத்துவக் கன்னியர் சபையைத் தோற்றுவித்த ஆஸ்திரியா நாட்டு அன்னா டெங்கல் அம்மையார் போன்றோரின் விடாமுயற்சிக்குப் பலனாக, கன்னியர் பேறுகால மருத்துவமும் பார்க்கலாம் என ரோமை ஆணை பிறப்பித்தது. 1943-இல் குளோரி அம்மையார் மற்றக் கன்னியருடன் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினார். இன்று அது நாடெங்கும் கிளைத்து நிற்கிறது.

அரசும் வாளாவிருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் மகப்பேறு நிதியுதவி தொடங்கிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்முறைப் பணியில் செவிலியர் அமர்த்தப்பட்டனர். இரவிலும் கதவு திறந்தது. ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் காரணம் ஆராயப்பட்டது. உதிரப்போக்கா, இரத்தக் கொதிப்பா, வழியில் வண்டி கிடைக்காமையா எனக் கண்டறிந்து குறை களையப்பட்டது. லட்சம் பிரசவத்துக்கு 2001-03-இல் 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 54 ஆயிற்று. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆயினும் அந்த 54 பேரும் ஒவ்வொரு வீட்டின் விளக்குகள் அல்லவா?

நம் வல்லம் வடகாலுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. ஏர் உழுத மண்ணில் ஆலைகள் எழுந்துள்ளன. 2024-இல் திறக்கப்பட்ட மகளிர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். நாளை மணமாகி இங்கேயே குடியமரும் பெண்ணுக்குத் தாய்வீடு தொலைவில். பேறுகாலம் பார்க்க அத்தையும் பாட்டியும் அருகிலில்லை. ஆலைப் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டென்பதைக்கூட அவளுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்னை மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, கருவுற்றிருந்த எலிசபெத்துடன் மூன்று மாதமளவும் தங்கினார். நாமும் அடுத்த வீட்டுக் கர்ப்பிணியின் பெயரை மூன்று மாதத்துக்குள் சுகாதார நிலையத்தில் பதியச் செய்வோம். பரிசோதனைக்குத் துணை செல்வோம். பிறந்த சிசுவுக்கு முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கிடைக்கச் செய்வோம். விழா முடிந்த பின்னும் நிலைக்கும் ஜூபிலிக் காணிக்கை அதுவே.