மிதிவண்டியின் எடை குறைந்த வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்தவற்றையே எண்ணிக் கூறுவர். புதிய உறுப்பு, புதிய விசை, புதிய வசதி என்று பட்டியல் நீளும். ஆயினும், தம்மிடமிருந்து களையப்பட்டவற்றாலேயே உயர்வு பெற்ற கருவிகளும் உலகில் உள்ளன. மிதிவண்டி அவற்றுள் ஒன்று. அதன் குடும்பத்து இளைய பிள்ளையாகிய ஃபிளாட்லேண்ட் பி.எம்.எக்ஸ். வண்டி இவ்வுண்மைக்குத் தெளிவான சான்றாகும். மேடு பள்ளமற்ற தளத்தில், 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட சிறு வண்டியை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தியும், உருட்டியும், உடலைச் சுற்றிச் சுழற்றியும் நடனம் போல் நிகழ்த்தும் கலைக்கு உரியது அவ்வண்டி. அதில் ஒரு கிலோகிராம் குறைந்த கதை, இரண்டு நூற்றாண்டுக் கால உலோக அறிவின் கதையுமாகும்.

மரமும் இரும்பும்

1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பார் இருசக்கர வண்டியொன்றைச் செலுத்திக் காட்டினார். பெரிதும் மரத்தால் ஆகிய அவ்வண்டி ஏறக்குறைய 22 கிலோகிராம் எடை கொண்டது. அதற்கு மிதிகட்டை இல்லை. கால்களால் நிலத்தை உந்தியே செலுத்த வேண்டும். 1860களில் பாரிசில் மிஷோ பட்டறையினர் முன்சக்கரத்தில் மிதிகட்டைகள் பொருத்திய வண்டிகளைச் செய்து விற்றனர். இரும்புச் சட்டகமும், இரும்புப் பட்டை இறுக்கிய மரச் சக்கரங்களும் கொண்ட அவ்வண்டிகளை ஆங்கிலேயர் 'எலும்பு குலுக்கி' என்றே அழைத்தனர். வசதி கூடியது, எடையும் உடன் கூடியது.

இவ்விடத்தில்தான் முதல் திருப்பம் நேர்ந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரம் கீழ்ப்புற ஆரக்கால்களின் மேல் நிற்கிறது. நசுங்காமல் நிற்க வேண்டியிருப்பதால் ஆரக்கால் தடித்திருத்தல் இன்றியமையாதது. மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால், இழுத்தால் பெரும்பாரம் தாங்கும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி, கம்பிகளை இழுத்துக் கட்டிய சக்கரத்துக்கு 1869இல் பாரிசில் யூஜின் மேயர் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்திலிருந்து சாய்வாகப் பின்னும் முறையைக் கண்டார். தடித்த மரம் செய்த வேலையை மெல்லிய கம்பி செய்யலாயிற்று. பொருளை வெறுமனே குறைத்ததால் வந்த வெற்றியன்று இது. விசை செல்லும் திசையை அறிந்ததால் வந்த வெற்றியாகும்.

உள்ளீடற்ற குழாய்

எலும்பும் நாணலும் உள்ளீடற்றிருந்தும் வலிமையோடு விளங்குவதன் காரணத்தை 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ ஆராய்ந்துள்ளார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே அவ்வறிவு மிதிவண்டியின் சட்டகத்தில் முழுப்பயன் தந்தது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியில், இன்றைய மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு தோன்றியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், வெளிவிட்டம் மாறாமல், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். சட்டகத்தில் விசை மிகுவது இணைப்புகளில்; பற்றவைக்கும் வெப்பத்தால் உலோகம் தளர்வதும் அங்கேதான். எனவே, முனையில் தடிப்பு தேவை; நடுவில் அத்தடிப்பு வீண் சுமை. 1935இல் அந்நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்னும் எஃகுக் குழாயை வெளியிட்டது. பல்லாண்டுகள் பந்தய வண்டிகளின் சிறப்புக் குழாயாக அது விளங்கியது.

துளையிட்ட காலம்

1970களில் ஐரோப்பியப் பந்தய வீரரிடையே ஒரு மோகம் பரவியது. பற்சக்கரம், பிரேக் பிடி எனக் கைக்கு எட்டிய உறுப்பிலெல்லாம் துளையிட்டு எடையைக் குறைத்தனர். 1972 அக்டோபர் 25ஆம் நாள், மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து உலகச் சாதனை படைத்தார். எர்னெஸ்டோ கொல்னாகோ உருவாக்கிய அவ்வண்டியின் எடை 6 கிலோகிராமுக்கும் குறைவு. ஆனால், அது சீரான ஓடுதளத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. பிரேக் அதில் இல்லை. ஒரு நாளைக்கு உரிய மெலிவை ஒவ்வொரு நாளைக்கும் உரியதாகக் கொள்ளல் தவறு. அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் சாலைப் பந்தய வண்டிக்கு 6.8 கிலோகிராம் என்று குறைந்த அளவு எடையை வரையறுத்தது இக்கருத்தோடு ஒத்ததாகும்.

சிறுவர் கண்ட வண்டி

பி.எம்.எக்ஸ். வண்டியின் பிறப்பிடம் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா. ஷ்வின் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ஸ்டிங்ரே என்னும் 20 அங்குல வண்டியில், மோட்டார் சைக்கிள் வீரரைப் போலவே புழுதி மேட்டில் பாய்ந்து விளையாடிய சிறுவர்களே அதைத் தோற்றுவித்தனர். மட்கார்டு, சங்கிலி மூடி, நிறுத்துதாங்கி ஆகியவற்றை முதலில் கழற்றி எறிந்தவர்களும் அவர்களே. ஆனால், பாய்ச்சலின் அதிர்ச்சியில் முன்கவை வளைந்தது, சட்டகம் முறிந்தது. ஆகவே, வானூர்திக் கட்டுமானத்தில் பயன்பட்ட குரோமோலி எஃகு இவ்வண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. சிறிதளவு குரோமியமும் மாலிப்டினமும் கலந்த அவ்வெஃகு, மெல்லிய குழாயிலும் மிகுந்த வலிமை தந்தது.

வித்தைக்கென்றே தனிச் சட்டகம் 1982இல் பாப் ஹாரோவின் பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான 'ஈ.டி.' திரைப்படம், ஜப்பானின் குவஹாரா வண்டிகளை உலகச் சிறுவர் கண்முன் நிறுத்தியது. புகழ் பரவியபோது எடையும் ஏறியது. நிற்பதற்கான மேடைகள், அச்சு முனைகளில் பெக் எனப்படும் உருளைகள், முன்னும் பின்னும் பிரேக்குகள், கைப்பிடி சுழன்றாலும் கம்பி முறுக்கிக்கொள்ளாதிருக்க ஒரு சுழல் கருவி என்று உறுப்புகள் பெருகின.

1980களின் பிற்பகுதியில், பென்சில்வேனியாவின் யார்க் நகரைச் சேர்ந்த கெவின் ஜோன்ஸ் இக்கலையின் போக்கையே மாற்றினார். பிரேக்கை இறுக்கிப் பிடித்து நின்ற இடத்தில் துள்ளும் வித்தைகளுக்கு மாறாக, காலால் டயரை உராய்ந்து தள்ளியும் உருண்டோடியும் செய்யும் வித்தைகளை அவர் வளர்த்தார். கலை மாறவே கருவியும் மாறியது. காலப்போக்கில் பலர் பிரேக்கைத் துறந்தனர். பிரேக்கோடு பிடியும், கம்பியும், சுழல் கருவியும் சென்றன. இங்கே எடையைக் குறைத்தது உலோகமன்று, திறமை.

ஒரே விகிதம், குறைந்த இரும்பு

1980களின் இறுதியில் இவ்வாணிகம் சரிந்தது. தாம் ஓட்டிய வண்டிகள் முறியக் கண்ட வீரர் சிலர் தாமே வண்டி செய்யத் தொடங்கினர். கலிஃபோர்னியாவில் 1987இல் தோன்றிய எஸ் அண்டு எம், 1991இல் மேட் ஹாஃப்மன் தொடங்கிய ஹாஃப்மன் பைக்ஸ் ஆகியன அத்தகையவை. வலிமையே முதல் நோக்கமானதால் 1990களின் வண்டிகள் மிகவும் கனத்தன. அக்கனம் அறியாமையன்று, முறிந்த உறுப்பால் வீழ்ந்தவரின் அனுபவம் அது.

2000க்குப் பின் வந்த மெலிவு இவ்வனுபவத்தின் மேல் எழுந்ததாகும். முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 16 பற்களும் இருந்தால் விகிதம் 2.75. முன்னால் 25, பின்னால் 9 என்று வைத்தால் விகிதம் ஏறக்குறைய 2.78. மிதிப்பவர் காலுக்கு வேறுபாடு பெரிதும் தோன்றாது. ஆனால், பற்சக்கரம் சிறுத்தது, சங்கிலியும் குறுகியது. இத்துடன், உள்ளீடற்ற அச்சு, வெப்பப் பதம் செய்த மெல்லிய குழாய், நைலான் மிதிகட்டை, அலுமினியப் பெக், டைட்டானிய மரை எனக் கிராம் கிராமாக எடை கரைந்தது.

எங்கே குறைப்பது என்பதும் ஓர் அறிவே. சக்கர விளிம்பிலுள்ள எடை வண்டியோடு முன்செல்வதுமன்றி, தானும் சுழல வேண்டியிருப்பதால், வேகம் கூட்டுகையில் ஏறக்குறைய இரு மடங்கு சுமையாகிறது. முன்சக்கரத்தை ஊன்றி வண்டியைச் சுழற்றும்போது, ஊன்றிய இடத்திலிருந்து இரு மடங்கு தொலைவிலுள்ள எடை சுழற்சியை நான்கு மடங்கு எதிர்க்கிறது. ஆதலால், பின்சக்கரத்தில் குறையும் நூறு கிராமை வீரர் கை உடனே உணரும்.

அவ்வாறாயின், சட்டகத்தையும் அலுமினியத்தில் செய்தால் என்ன என்ற வினா எழலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. குழாயைப் பருமனாக்கியே அக்குறையை ஈடுசெய்ய இயலும். மேலும், ஓரளவுக்கு உட்பட்ட விசையை எஃகு எத்தனை முறையும் தாங்க வல்லது. அலுமினியத்துக்கு அத்தகைய பாதுகாப்பெல்லை இல்லை. சிறு அதிர்ச்சியும் சேர்ந்து சேர்ந்து அதனைக் களைப்புறச் செய்யும். எஃகோ பெரும்பாலும் முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். இக்கலையில் குரோமோலி நிலைத்ததன் காரணம் இதுவே.

இவ்வரலாற்றில் வெற்றி பெற்ற ஒவ்வொரு குறைப்பும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே நிகழ்ந்தது. இவ்வுறுப்பு செய்யும் பணி யாது? அதனூடே செல்லும் விசை யாது? அது முறிந்தால் வீழ்பவர் யார்? முதல் இரண்டிற்கும் விடையை இயற்பியல் நூலில் காணலாம். மூன்றாவதை நன்கறிந்தவர் அவ்வண்டியின் மேல் நின்றவரே. வண்டியை ஓட்டியவரே அதனைச் செய்யவும் முற்பட்டபோதுதான், வலிமை குன்றாத மெலிவு கைகூடிற்று. துளையிடும் கருவி எவர் கைக்கும் கிட்டும். துளையிடத் தகாத இடத்தை அறிதலே கல்வி.