மனநல மருத்துவமா, நரம்பியலா

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுள் சிலர் மூளை சார்ந்த மனநல மருத்துவம், நரம்பியல் ஆகிய இரு துறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்புவார்கள். இந்தியாவில் இரண்டுக்கும் பாதை வேறு. நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, 3 ஆண்டு எம்.டி. படித்தால் மனநல மருத்துவர் ஆகலாம். நரம்பியலுக்குப் பொதுவாகப் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, மேலும் 3 ஆண்டு டி.எம். படிக்க வேண்டும். பலருக்கு விருப்பத்தைவிட இந்தக் கணக்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

இரண்டையும் கற்பிக்கும் நிறுவனங்களுள் ஒன்று பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ். மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து உருவானது. இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் நேரடியாகச் சேரும் 6 ஆண்டு நரம்பியல் டி.எம். படிப்பும் இங்குண்டு.

அன்றாட வேலையிலும் வேறுபாடு பெரிது. நரம்பியலர் சுத்தியலால் முழங்காலைத் தட்டி, எம்.ஆர்.ஐ. பார்த்துப் பழுதுள்ள இடத்தைத் தேடுவார். மனநல மருத்துவருக்கு நோயாளியின் பேச்சும் குடும்பத்தார் சொல்லும் வரலாறுமே முதன்மைச் சான்று. ஆனால் எல்லைக்கோடு உறுதியானதன்று. காதில் குரல் கேட்பதாகச் சொல்லி மனநலப் பிரிவுக்கு வரும் இளம்பெண்ணுக்குச் சில நாளில் வலிப்பு வரலாம். காரணம், 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சியாக இருக்கக்கூடும். மாறாக, வலிப்பு என்று நரம்பியல் பிரிவுக்கு வருபவர்களுள் சிலருக்கு மூளை மின்வரைவில் வலிப்புக்கான தடயமே இராது. அவர்களுக்கு உளச்சிகிச்சை தேவைப்படலாம்.